தஞ்சையில் பகல், குடந்தையில் இரவு

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கு இருப்புப்பாதை வழியாக 39 கிலோமீட்டர். சாதாரணப் பயணிகள் வண்டியில் சீட்டு 10 ரூபாய். கொரோனா முடக்கத்துக்குப் பின் இதே வண்டிகள் சிறப்பு வண்டிகள் என்ற பெயரில் ஓடியபோது குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாக உயர்ந்தது. 2024 பிப்ரவரியில்தான் பழைய விலைக்குத் திரும்பியது. காரில் வந்து இறங்குகிறவருக்கு இந்த 20 ரூபாய் கண்ணிலேயே படாது. முதுகில் ஒரு பையும், எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய பணமுமாக வருகிறவருக்கு அது காலைச் சிற்றுண்டியில் பாதி. அந்த இரண்டாவது ஆளை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு ஊர்களையும் எடைபோட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ஐரோப்பாவில் இது சலித்துப்போன கேள்வி. பிராக் போகலாமா புடாபெஸ்ட் போகலாமா, லிஸ்பனா போர்ட்டோவா என்று அங்கே மாணவர்கள் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். பொது அறையில் ஒரு கட்டில் என்ன விலை, டிராம் சீட்டு என்ன விலை, எந்த ஊரில் தெருவோரச் சாப்பாடு மலிவு என்று பட்டியல் போடுவார்கள். நம் பக்கத்தில் தஞ்சாவூரையும் கும்பகோணத்தையும் யாரும் இப்படி எதிரெதிரே நிறுத்துவதில்லை. பெரிய கோயிலுக்காகத் தஞ்சாவூர், பரிகாரத்துக்காகக் கும்பகோணம் என்று ஏற்கெனவே பங்கு பிரித்துவிட்டோம். சுற்றுலா நிறுவனங்களும் அப்படியே விற்கின்றன. காசு குறைவாக உள்ள பயணிக்கு எந்த ஊர் இடம் கொடுக்கிறது என்று கேட்டால் இந்தப் பங்கீடு கலைந்துவிடுகிறது.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பார்ப்பதற்குத் தஞ்சாவூர் பெரிது. தங்குவதற்குக் கும்பகோணம் எளிது. அதற்குக் காரணம் இன்றைய விலைப்பட்டியலில் கிடைக்காது. இரண்டு ஊர்களும் யாருக்காக உருவாயின என்ற பழைய கதையில்தான் இருக்கிறது.

வரவழைத்த ஊரும் வந்து சேர்ந்த ஊரும்

பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விலாசப் பட்டியல் உண்டு. இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினான். எந்தத் தளிச்சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அவர் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதிவு இருக்கிறது. ஆளுக்கொரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். ஒரு நகரத்தில் யார் எங்கே படுத்துறங்குவது என்பதை அரசனே தீர்மானித்துக் கல்லில் வெட்டி வைத்ததற்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது. 1010-இல் முடிந்த கோயிலைச் சுற்றி எழுந்த அந்த நகரம் அரசன் வரவழைத்தவர்களால் நிறைந்தது. பிறகு வந்த நாயக்கர்களும், 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1855 வரை ஆண்ட மராத்தியர்களும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். புலவர், இசைவாணர், ஓவியர், நட்டுவனார், மருத்துவர் என்று அரண்மனைக்கு வேண்டியவர்கள் அழைக்கப்பட்டார்கள். மானியமும் வீடும் பெற்றார்கள். அழைப்பில்லாமல் வருகிறவனுக்கு அந்த ஊரில் வேலை குறைவு.

கும்பகோணத்துக்கு யாரும் யாரையும் அழைக்கவில்லை. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே கோயில்களாகவே பெருத்த ஊர் அது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாசி மகத்தில் மகாமகக் குளத்தில் கங்கை முதலான புனித நதிகள் வந்து கூடுகின்றன என்ற நம்பிக்கை ஒன்றே அந்த ஊருக்குப் போதுமான விளம்பரம். சுமார் 6 ஏக்கர் பரப்புள்ள குளம். அதன் கரையைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களை எழுப்பியவர் நாயக்கர்களின் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர். வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்ததால் ஊர் தன் வீட்டுத் திண்ணைகளையும் மடங்களையும் அதற்கேற்ப அமைத்துக்கொண்டது. சங்கர மடம், வீரசைவ மடம், மாத்வ மடம் என்று மடங்கள். ஊருக்கு வடகிழக்கே திருப்பனந்தாளில் காசியோடு நேரடித் தொடர்புள்ள காசி மடம். பிற ஊர்க்காரனுக்கு இடம் விட்டுப் பழகிய ஊர்.

1854-இல் அரசுக் கல்லூரிக்கு வித்திட்ட பள்ளி வந்த பின் மாணவர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்கள். சாரங்கபாணி சன்னதித் தெருவில், புடவைக் கடைக் கணக்கர் ஒருவரின் வீட்டில் வெளியூர்க் கல்லூரி மாணவர்கள் காசு கொடுத்துத் தங்கியிருந்தார்கள். அந்த வருமானம் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது. அந்த வீட்டுப் பையன் பதினோரு வயதுக்குள் அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் அவர்களிடமிருந்து உறிஞ்சிவிட்டான். ராமானுஜனின் வாழ்க்கை வரலாற்றில் மேதைமையின் அடையாளமாகவே இந்தச் செய்தியைப் படிக்கிறோம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது: சின்ன ஓட்டு வீட்டிலும் ஓர் அறையை வெளியூர்க்காரனுக்கு ஒதுக்கிப் பிழைப்பது கும்பகோணத்தில் சாதாரணமாக இருந்தது. இன்று நினைவில்லமாக உள்ள அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்கிறவர்கள், அத்தனை சிறிய வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

அரசன் கட்டிய விடுதிகள்

தஞ்சாவூர் அரசு வழிப்போக்கனை மறந்துவிட்டது என்று சொன்னால் அது தவறு. மராத்திய அரசர்கள் அவனுக்காகச் செய்தது இந்தியாவில் வேறு எங்கும் எளிதில் காண முடியாதது. அதை அவர்கள் தலைநகருக்குள் செய்ததைவிடச் சேது சாலையில் அதிகம் செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. காசியிலிருந்து ராமேசுவரம் போகிறவர்கள் இந்த நாட்டைக் கடந்தாக வேண்டும். அவர்களுக்காக ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம், நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ராஜாமடத்தில் மோகனாம்பாள் சத்திரம், மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம் என்று கடற்கரை வரை வரிசையாகச் சத்திரங்கள் எழுந்தன. பெரும்பாலும் அரசியர், அரசரின் துணைவியர் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் கிராமங்கள் மானியம். நெல் விளைச்சலில் ஒரு பங்கு வழிப்போக்கன் இலையில் விழும்படி ஏற்பாடு. டெல்டாவின் உபரி நெல் இல்லாமல் இது நடந்திருக்காது; வானம் பார்த்த பூமியில் இப்படி ஒரு தொடரை ஓர் அரசன் நினைத்துப் பார்க்கவும் முடியாது.

இந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பதற்கு அரசரின் கைப்படவே சாட்சியம் இருக்கிறது. 1801-இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் தஞ்சை ரெசிடென்டுக்கு இரண்டாம் சரபோஜி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நாட்டின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போன நேரம். சத்திரங்களை மட்டுமாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கவலை. பிராமணர் முதல் பறையர் வரை வருகிற எல்லாருக்கும் சோறு, சமைத்ததை ஏற்காதவர்களுக்கு அரிசியும் பண்டங்களும், நள்ளிரவு வரை பரிமாறல், பிறகு மணி அடித்து எஞ்சி நிற்பவர்களையும் கூப்பிட்டுப் போடுதல், நோயுற்றவர்களுக்கு வைத்தியர், மருந்து, பத்தியம், குழந்தைகளுக்குப் பால், கர்ப்பிணிகளுக்குத் தனிக் கவனிப்பு, வழியில் இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி ஈமக்கடன், கூடவே பிள்ளைகளுக்குப் பள்ளி. இத்தனையும் அந்தக் கடிதத்தில் வருகின்றன. கடிதம் எழுதியவருக்கு அதில் ஆதாயம் இருந்தது என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். ஆனால் நள்ளிரவு மணியை யாரும் கற்பனையில் எழுதிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

ஒரத்தநாட்டுச் சத்திரம் 1802-இல் எழுந்தது. முக்தாம்பாள் சரபோஜியின் துணைவி, இளவயதில் இறந்தவர். அவர் நினைவுக்கு அரசர் கட்டியது மாளிகையோ சமாதியோ அல்ல, வழிப்போக்கர் தங்கும் இடம். பின்னாட்களில் பள்ளி மாணவர் விடுதியாகவும் அது பயன்பட்டது. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைச் சாலையில் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தஞ்சைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அங்கே போவதில்லை என்பது வருத்தம்.

இதற்கு நூறாண்டுக்குப் பிறகு, 1912-இல் ஜெர்மனியில் ஆல்டெனா கோட்டையில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் முதல் நிரந்தர இளைஞர் விடுதியைத் திறந்தார். மாணவர்களை நடைப்பயணம் அழைத்துப் போனபோது புயல் மழையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்க நேர்ந்தது; அங்கே தோன்றிய யோசனை. மரக் கட்டில்கள், ஒரே அறையில் பலர், ஆளுக்குச் சிறு கட்டணம். இன்றைய ஐரோப்பிய ஹாஸ்டல் எல்லாமே அந்த வழியில் வந்தவை. சரபோஜியின் சத்திரத்தில் கட்டணமே கிடையாது. ஆனால் சத்திரம் ஒரு வாரிசை விட்டுச் செல்லவில்லை. ரயில் வந்தது. 1861-இல் நாகப்பட்டினம்–தஞ்சாவூர் பாதை திறந்த பிறகு, நாள்கணக்கில் நடக்க வேண்டியவன் ஒரே நாளில் போனான். சேது சாலையில் நடந்து போகிறவர்களின் கூட்டம் குறையக் குறையச் சத்திரங்களின் தேவையும் குறைந்தது. மானிய வருமானம் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் திரும்பியது.

சாதியைச் சொல்லாமல் இந்த வரலாற்றை முடித்தால் அது நேர்மையாக இருக்காது. எல்லாருக்கும் சோறு உண்டு. எல்லாருக்கும் ஒரே பந்தி இல்லை. 1904-இல் காசிக்குப் போன இளைஞர் ஈ.வெ.ராமசாமிக்குச் சத்திரங்களில் சாப்பாடு மறுக்கப்பட்டதையும், பசி தாங்காமல் எச்சில் இலையிலிருந்து உண்ண நேர்ந்ததையும் அவர் வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. அவரை விரட்டிய சத்திரத்தைக் கட்டியவர் தென்னாட்டுப் பிராமணரல்லாத வணிகர் என்பதுதான் அந்தக் கதையின் கொடுக்கு. தென்னிந்திய ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்த வழக்கம் பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941-இல்தான் முடிவுக்கு வந்தது. மலிவாகப் பயணம் செய்வது என்பது இந்நாட்டில் நீண்ட காலம் உன் பிறப்பைப் பொறுத்த விஷயமாக இருந்தது.

அறைக்கு விலை, ஆளுக்கு விலை

இன்றைய நிலைமைக்கு வருவோம். ஐரோப்பிய நகரத்தில் முதுகுப்பைப் பயணி ஒரு கட்டிலை வாடகைக்கு எடுக்கிறான். டெல்டாவில் கட்டிலை யாரும் விற்பதில்லை. லாட்ஜ் அறையைத்தான் விற்கிறது. இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து வந்தால் ஐரோப்பாவைவிட இங்கே பல மடங்கு மலிவு. தனியாக வந்தால் இருவர் வாடகையை ஒருவரே கொடுக்க வேண்டும். அதோடு, தனியாள் என்றால் அறையே இல்லை என்று கைவிரிக்கும் லாட்ஜுகள் இரண்டு ஊர்களிலும் உண்டு. அறைக்குள் தற்கொலை நடந்துவிட்டால் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டும் என்பது உரிமையாளர்களின் பயம். தனியாக வரும் பெண்ணுக்கு அதே பயத்தோடு ஊர்வாயும் சேர்ந்துகொள்கிறது. வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் படிவம் பூர்த்தி செய்து குடியேற்றத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்பதால், சின்ன லாட்ஜ்காரர் தலையைச் சொறிந்துவிட்டு அடுத்த தெருவைக் காட்டுவார். மலிவான அறைகள்தான் இந்த மூன்று காரணங்களாலும் முதலில் கதவடைக்கின்றன.

இந்த இடத்தில் கும்பகோணம் முந்துகிறது. அங்கே லாட்ஜுகளின் எண்ணிக்கை ஊரின் அளவுக்கு மீறியது. மகாமகக் குளத்தைச் சுற்றியும், ரயிலடிப் பக்கமும், பெரிய தெருவை ஒட்டியும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று மறுத்தால் இன்னொன்று. பரிகாரத்துக்குத் தனியாக வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய மேலாளர்கள் அதிகம் கேள்வி கேட்பதில்லை. சமூக அறக்கட்டளைகளின் சத்திரங்கள் பல இப்போது கல்யாண மண்டபங்களாகிவிட்டாலும், முகூர்த்தம் இல்லாத நாட்களில் சிலவற்றில் அறை கிடைக்கும். சொந்தச் சமூகத்தார் என்றால் மட்டும் திறக்கும் கதவுகளும் அவற்றில் உண்டு என்பதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

தஞ்சாவூரில் மலிவான அறைகள் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியும் காந்திஜி சாலையிலும் அடங்கிவிடுகின்றன. சுற்றுலாப் பயணிக்கென்று வந்த புதிய விடுதிகள் திருச்சி சாலைப் பக்கம், விலையும் அதற்கேற்ப. வெளியூர்ப் பேருந்துகள் வந்து நிற்கும் புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே. அங்கிருந்து நகரப் பேருந்தைப் பிடிக்கத் தெரியாதவர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு நாள் சாப்பாடு போய்விடும். ரயிலில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. தஞ்சை ரயிலடியிலிருந்து பெரிய கோயிலுக்கு நடந்தே போகலாம்.

இரண்டு ஊர்களுக்கும் பொதுவான ஒரு நல்ல வழக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய பாணி லாட்ஜுகள் 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கின்றன. சென்னை எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் முதலில் கும்பகோணம், பிறகு தஞ்சாவூர் வந்து சேரும். விடியலில் சாவி வாங்கினால் மறுநாள் விடியல் வரை அறை உங்களுடையது. பன்னிரண்டு மணிக்குக் காலி செய் என்னும் நட்சத்திர விடுதிகளிடம் இல்லாத பெருந்தன்மை இது. அறை எடுக்கும்போதே எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இலை

சாப்பாட்டில் நான் கும்பகோணத்தின் பக்கம் சாய்கிறேன், தஞ்சாவூர்க்காரர்கள் மன்னிக்கட்டும். யாத்ரீகனுக்குச் சமைத்துப் பழகிய ஊரில் மெஸ்கள் சன்னதித் தெருக்களிலேயே இருக்கின்றன. காலையில் இட்லிக்குக் கடப்பா கிடைக்கிற நாளாக இருந்தால் வேறு எதுவும் கேட்க வேண்டாம். தமிழகத்து நெடுஞ்சாலைகளெங்கும் கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை மாட்டிப் பித்தளை டவராவில் கொடுப்பது எல்லாம் ஊருக்கு வெளியே நடக்கும் வியாபாரம்; ஊருக்குள் காபி சாதாரண டம்ளரிலும் நன்றாகவே இருக்கும், விலையும் குறைவு. மதியம் முழுச் சாப்பாடு வேண்டாம் என்றால் அளவுச் சாப்பாடு. இரண்டு பேர் என்றால் ஒரு சாப்பாட்டைப் பார்சல் கட்டச் சொல்லுங்கள். கட்டிக் கொடுக்கும் சோறு இருவருக்குக் காணும். இது டெல்டா மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் சிக்கனம்.

கையில் அதுவும் இல்லையென்றால்? அறநிலையத் துறைக் கோயில்களில் 2002-இல் தொடங்கிய அன்னதானத் திட்டம் இன்றும் மதிய வேளையில் இலை போடுகிறது. பேரும் சாதியும் கேட்பதில்லை. உச்சிக்காலப் பூசைக்கு முன்னால் போய் டோக்கன் வாங்கினால் போதும். கோயில்கள் நெருக்கமாக உள்ள கும்பகோணத்தில் இது நடைமுறையில் எளிது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று 2013-இல் வந்த அம்மா உணவகம் இன்னொரு வழி. சரபோஜியின் சத்திரத்திலிருந்து இந்த இரண்டையும் பிரிப்பது ஒன்றே ஒன்று. சாப்பாடு உண்டு, படுக்க இடம் இல்லை.

10 ரூபாய் வண்டியின் வழி

போக்குவரத்தில் இரண்டு ஊரும் சமம் என்று முதலில் தோன்றும். ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். யுனெஸ்கோ 1987-இல் பெரிய கோயிலையும், 2004-இல் அதோடு கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மூன்றில் தாராசுரம் கும்பகோணத்துக்கு மேற்கே நடந்தே போய்விடும் தூரம். கங்கைகொண்ட சோழபுரம் கும்பகோணத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து போனால் அதைப்போல் இரு மடங்கு. திருபுவனம், சுவாமிமலை, பட்டீசுவரம், பழையாறை, திருவிடைமருதூர், திருநாகேசுவரம் எல்லாம் கும்பகோணத்திலிருந்து நகரப் பேருந்தில் எட்டக்கூடியவை. நகரச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணமில்லை என்பதால், தோழிகள் இருவர் சேர்ந்து வந்தால் இந்த ஊர்களைச் சுற்றிவரப் பயணச் செலவே இல்லை. நவக்கிரகத் தலங்களை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பவர்களுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024-இல் 750 ரூபாய்க்குத் தனிப் பேருந்து விட்டது. ஒரே நாளில் ஒன்பது கோயில் என்பது பயணமா, வருகைப் பதிவா என்று எனக்குச் சந்தேகம். கழகத்தின் தலைமையிடம் கும்பகோணத்தில்தான்; 1972-இல் சோழன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கியபோதிருந்தே அப்படி. இந்தச் சிறிய ஊரிலிருந்து இத்தனை திசைக்குப் பேருந்து போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டு ஊருக்கும் நடுவே அந்தப் பயணிகள் வண்டி நிற்கும் இடங்களைக் கவனியுங்கள்: திட்டை, பசுபதிகோயில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம், சுந்தரபெருமாள்கோயில், சுவாமிமலை, தாராசுரம். பசுபதிகோயிலில் இறங்கினால் புள்ளமங்கை. முற்காலச் சோழர் சிற்பத்தைப் பெரிய கோயிலைவிட நுணுக்கமாகப் பார்க்கக் கூடிய சிறிய கோயில். பாபநாசத்தில் 3000 கலம் நெல் கொள்ளும் என்று சொல்லப்படும் நாயக்கர் காலக் களஞ்சியம். ஐரோப்பாவில் இப்படி ஏறி இறங்கி ஏறுவதற்கென்று தனி ரயில் அட்டை விற்கிறார்கள், கணிசமான விலைக்கு. இங்கே ஒவ்வொரு முறையும் 10 ரூபாய். வண்டிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். தவறவிட்டால் தஞ்சாவூர்–கும்பகோணம் பேருந்து சாலையில் எப்போதும் வந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் தஞ்சாவூருக்கு என்ன மிச்சம்? மதியம். கோயில்கள் நடை சாத்தும் பன்னிரண்டரை மணியிலிருந்து நான்கு மணி வரை கும்பகோணத்தில் வெளியூர்க்காரனுக்குப் போக்கிடமில்லை. அறைக்குப் போய்ப் படுக்க வேண்டும், அல்லது குளக்கரை மண்டப நிழலில் உட்கார வேண்டும். தஞ்சாவூரில் அந்த நேரத்துக்கு அரண்மனை இருக்கிறது: சோழர் செப்புத் திருமேனிகள் வரிசையாக நிற்கும் கலைக்கூடம், தர்பார் மண்டபம், 1918-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட சரசுவதி மகால் நூலகத்தின் காட்சியறை. சீட்டுக் கட்டணம் உண்டு. அந்தப் படிமங்களின் முன் ஒரு மணி நேரம் நிற்க அது பெரிய தொகை அல்ல. காலையும் மாலையும் பெரிய கோயில். அதற்கோ கட்டணமே இல்லை. உள்ளூரார், வெளிநாட்டார் யாருக்கும் இல்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் வாங்கும் அதே தொல்லியல் துறை, வழிபாடு நடக்கும் இடம் என்பதால் இங்கே யாரிடமும் வாங்குவதில்லை. 2024-இல் வெனிஸ் நகரம் பகலில் வந்து போகிறவர்களிடம் ஊருக்குள் நுழையவே 5 யூரோ வசூலிக்கத் தொடங்கியது. அந்தக் காசில் இங்கே தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் ஒரு மாதம் தினமும் ரயிலில் ஒரு வழி போகலாம்.

பஞ்சாங்கம் பார்த்து அறை

ஐரோப்பாவில் கோடையில் விலை ஏறும், குளிர்காலத்தில் இறங்கும். டெல்டாவில் விலை பஞ்சாங்கத்தைப் பார்த்து நகர்கிறது. குருப்பெயர்ச்சி, ராகு-கேது பெயர்ச்சி நாட்களில் ஆலங்குடிக்கும் திருநாகேசுவரத்துக்கும் வரும் கூட்டம் கும்பகோணத்து அறைகளை நிரப்பிவிடும். வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் வளர்பிறை முகூர்த்த நாளென்றால் கல்யாண வீட்டார் லாட்ஜை மொத்தமாக எடுத்திருப்பார்கள். சனி, ஞாயிறு நவக்கிரகக் கூட்டம். திங்கள் முதல் வியாழன் வரை, முகூர்த்தமில்லாத வாரத்தில் போகிறவருக்கு அதே அறை, அதே மேலாளர், வேறு விலை. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழை. சம்பா நடவு முடிந்து நிலமெல்லாம் பச்சையாக இருக்கும், ஆனால் நடந்து சுற்ற முடியாது. மார்கழியும் தையும்தான் என் தேர்வு.

ஒரு வாரம் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும். மார்கழியிலோ தையிலோ வரும் தேய்பிறைப் பஞ்சமியை ஒட்டித் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் தஞ்சாவூரில் தங்குவதே முறை; 13 கிலோமீட்டர்தான். காவிரிக்கரைப் பந்தலில் நாட்டின் முன்னணி இசைவாணர்களைச் சீட்டில்லாமல், பாயில் உட்கார்ந்து கேட்கலாம். சென்னை சபாக்களில் முன்வரிசை இருக்கைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும். மகாமகத்தின்போது கும்பகோணத்தைத் தவிர்ப்பது நல்லது. 1992-இல் குளத்தில் ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தார்கள். பிறகு வந்த இரண்டு மகாமகங்களில் ஏற்பாடுகள் மேம்பட்டன. ஆனாலும் அன்று மலிவாக எதுவும் கிடைக்காது.

ஆகக் கணக்கு இப்படி முடிகிறது. நான்கு நாள் இருந்தால் கும்பகோணத்தில் அறை எடுங்கள். இரண்டு நாள் காலை வண்டியில் தஞ்சாவூர் போய், மாலையில் பெரிய கோயில் விமானத்தில் வெயில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, இரவு பேருந்தில் திரும்புங்கள். மற்ற இரண்டு நாள் தாராசுரத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும். நூலகத்தில் சுவடி பார்க்க வருகிற ஆய்வாளருக்கும், ஆராதனைக்கு வருகிறவருக்கும் மட்டும் தஞ்சாவூரில் படுக்கை.

தனியாளுக்கு, அதிலும் தனியாக வரும் பெண்ணுக்கு, இந்தக் கணக்கும் முழுதாகக் கைகொடுக்காது. அறையை மட்டுமே விற்கும் ஊரில் அவருக்கு ஒரு கட்டில் வேண்டும். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மராத்தியர் சத்திரங்களின் சொத்துகளைப் பராமரிக்கச் சத்திரம் நிர்வாகம் என்ற பிரிவே தஞ்சை மாவட்ட ஆட்சியரின் கீழ் இருக்கிறது. நிலமும் கட்டடமும் எந்த நோக்கத்துக்காக எழுதி வைக்கப்பட்டனவோ அந்த நோக்கம் ஆவணங்களில் அப்படியே இருக்கிறது. ஒரு சத்திரத்தைச் செப்பனிட்டு, ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், ஆளுக்கொரு கட்டில், பூட்டுள்ள ஒரு பெட்டி, வெளிநாட்டவர் படிவத்தை நிரப்பத் தெரிந்த ஓர் எழுத்தர் என்று ஏற்பாடு செய்தால் போதும். சாதியும் திருமணச் சான்றும் கேட்காமல், கட்டிலுக்கு இவ்வளவு என்று பலகை எழுதி மாட்ட வேண்டும். மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் இதைச் செய்ய நினைத்தால் காலக்கெடு தானாகவே இருக்கிறது. அடுத்த மகாமகம் 2028-இல்.